சுருங்காத கட்டி

வேலையிடத்தில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேன் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தி, "மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க" என்று இருபத்திரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்திரத்துக்குள்ளேயே பதிவுசெய்த ஒரு குரல் உண்டு. அதை வந்த முதல் வாரமே அணைத்துவிட்டாள். "அது மூச்ச விடச் சொல்ற மாதிரியா இருக்கு? உயிர விடச் சொல்ற மாதிரி இருக்கு" என்பது அவள் கட்சி.

அவளிடம் இன்னொரு வாக்கியமும் இருந்தது. மேசையிலிருந்து இறங்கி, உடையைச் சரிசெய்துகொண்டே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏதாவது தெரிஞ்சுதா?" அவள் முகத்தில் ஒரு கோடும் அசையாமல் பதில் சொல்வாள். "டாக்டர் சொல்வார்."

வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு பள்ளி ஆசிரியைக்கு இரக்கப்பட்டு, "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லியிருந்தாள். நான்கு நாள் கழித்து வந்த அறிக்கை வேறு மாதிரி இருந்தது. அந்த அம்மாள் திரும்ப வந்து சண்டை போடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் இவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று வாய்க்குப் போட்ட பூட்டு அது. வாய்க்குப் பூட்டுப் போட்டவள் காலப்போக்கில் கண்ணுக்கும் போட்டுக்கொண்டாள். படம் கலங்காமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். இதை அடக்கம் என்று துறைக்குள் பாராட்டினார்கள். பாதி அடக்கம், பாதி சௌகரியம் என்பதுதான் சரி. தெரியாதவரை யாரும் எதுவும் கேட்க முடியாது.

அண்ணன் வீட்டு மாடியில் அவள் தனியாக இருந்தாள். அண்ணன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். எட்டு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்ததை மூலம் என்று அவரே தீர்மானித்து, கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். அண்ணி படுக்கை விரிப்பைத் துவைக்கும்போது பார்த்துவிட்டு மாடிக்கு வந்து சொன்னாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். மலக்குடலில் புற்றுநோய்.

"இருபத்தாறு வருஷமா உக்காந்தே சம்பாதிச்சேன்," என்றார் அண்ணன். "உக்கார்ற எடத்துலயே வந்து நிக்குது பாரு."

நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். எந்தப் பக்கமும் பரவவில்லை என்றால் அறுவைசிகிச்சை. ரோபோ வைத்துச் செய்கிறார்கள், இடுக்கில் நுழைந்து செய்ய அதுதான் வசதி என்று சொல்லியிருந்தார்கள். பரவியிருந்தால் மருந்து மட்டும். இரண்டுக்கும் நடுவே இருந்தது அந்தப் படம்தான்.

மூச்சக்கா அந்தப் படத்தை எடுக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு எடுக்கக்கூடாது என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. கூட வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, உடைமாற்றும் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படங்கள் அவளுடைய கணினியிலேயேதான் இருந்தன. ஒரு விரலைத் தட்டினால் திறந்துகொள்ளும். திறக்கவில்லை. "டாக்டர் சொல்வார்" என்ற வாக்கியத்தை அன்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னார். அந்த மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைப் படிப்பவர்கள் அங்கே இல்லை. வேறெங்கோ ஒரு மையத்தில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு எண்பது தொண்ணூறு பேரின் உடம்பைப் படித்து எழுதி அனுப்புகிறார்கள். அப்படி வந்த அறிக்கையில் இருந்த வரி இது: மகா தமனிக்கு இடப்புறம் பெருத்த நெறிக்கட்டிகள் பல, நோய் பரவியதாகக் கருதலாம்.

புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மொதல்ல கீமோ, நெறிக்கட்டி சுருங்குதான்னு பாப்போம்" என்றார்.

"சுருங்கினா?" என்று கேட்டார் அண்ணன்.

"அப்ப யோசிக்கலாம்."

"சுருங்கலன்னா?"

"அப்பவும் யோசிக்கலாம்."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "யோசிக்கறதுக்கு மட்டும் இங்க வஞ்சனையே இல்ல."

நான்கு மாதம் மருந்து ஏறியது. அந்த மருந்துக்கு ஒரு குணம், விரல் நுனிகளை மரக்கச் செய்யும். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் ஊசி குத்தியது. பிறகு எப்போதும் குத்தியது. அதன் பிறகு எதுவும் தெரியாமல் போனது. சட்டைப் பையில் கைவிட்டால் சாவி எது, சில்லறை எது என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பேருந்துச் சாவியை ஒரு நாள் மேசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவரை அண்ணி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான்காம் மாத முடிவில் மறுபடி ஸ்கேன். அன்றைக்குப் பார்த்து, கூட வேலை செய்பவர் இடுப்பு பிடித்துக்கொண்டு விடுப்பில் இருந்தார். டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நாள் நாளை மறுநாள். வேறு வழியில்லை. மூச்சக்காதான் அண்ணனைப் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, சாய மருந்துக் குழாயை மாட்டினாள்.

"உடம்பு சூடாகும். மூத்திரம் போற மாதிரி இருக்கும். போகாது. பயப்படாத."

"போனா?"

"நீதான் தொடைக்கணும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள். பிடிக்கச் சொன்னாள். விடச் சொன்னாள். படங்கள் வந்தன. கலங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தை உருட்டினாள். கல்லீரல் போனது, சிறுநீரகங்கள் வந்தன. அவற்றுக்குக் கீழே, நடுவில் வெள்ளையாக மகா தமனி. அதன் இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

இதுதானா அந்தச் சனியன் என்று நினைத்தாள். நான்கு மாதமாக வீட்டையே ஆட்டிவைத்த ஒன்றை முதன்முதலாகப் பார்க்கும் ஆத்திரத்தில் சக்கரத்தை மேலும் உருட்டினாள். நெறிக்கட்டி என்றால் ஒரு படத்தில் புள்ளியாகத் தோன்றி, அடுத்த சில படங்களில் பெருத்து, பிறகு சிறுத்து மறைய வேண்டும். இந்த வட்டம் மறையவில்லை. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். கீழே போகப் போக அதே பருமனில் தொடர்ந்து, இடது காலிலிருந்து வரும் ரத்தக்குழாயில் போய்ச் சேர்ந்தது. மேலே உருட்டினாள். இடது சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் போய் வளைந்து கலந்தது.

கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாய் எல்லோருக்கும் வலப்பக்கம் ஒன்றுதான். அது அண்ணனுக்கும் வலப்பக்கத்தில் ஒழுங்காக இருந்தது. இடப்பக்கமும் ஒன்று இருந்தது. சாயம் அப்போது தமனிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கால்வரை போய்த் திரும்பியிருக்கவில்லை. அதனால் இரண்டு குழாயும் ஒரே சாம்பல் நிறம். வலப்பக்கத்தைக் குழாய் என்று படித்தவர், இடப்பக்கத்தை நோய் என்று படித்திருக்கிறார்.

கடிகாரத்தைப் பார்த்தாள். சாயம் ஏறி இரண்டு நிமிடம் ஆகிறது. மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு முறை எடுத்தால், குழாயாக இருந்தால் அது வெளுக்கும். ஆனால் கூடுதலாக ஒரு முறை கதிர் பாய்ச்ச டாக்டர் கையெழுத்து வேண்டும். துறைப் பொறுப்பாளரான டாக்டரின் அறைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் கையெழுத்தில்லாமல் அவள் ஒரு படமும் எடுத்ததில்லை.

ஒலிவாங்கியை அழுத்தினாள். "இன்னொரு தடவ எடுக்கணும். மூச்ச இழு."

"ஏன், நான் அழகா விழலயா?"

"அசைஞ்சிட்ட. பேசாம மூச்ச இழு."

படம் வந்தது. இரண்டு குழாய்களும், தண்டவாளம் மாதிரி, பக்கத்துக்கொன்றாக வெள்ளை வெளேரென்று இருந்தன.

அண்ணன் இறங்கி வந்து சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே கேட்டார். "என்ன, ஏதாவது தெரிஞ்சுதா?"

"டாக்டர் சொல்வார்," என்றாள்.

இந்த முறை படிப்பவர் எழுதுவார் என்று உண்மையாகவே நம்பினாள். மறுநாள் அறிக்கை வந்தது. மலக்குடல் கட்டி நன்றாகச் சுருங்கியுள்ளது. இடப்புற நெறிக்கட்டிகளில் மாற்றமில்லை. அந்த மூன்றாம் நிமிடப் படம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த மையத்தில் உத்தரவில் உள்ள படங்கள் மட்டும்தான் படிப்பவர் முன் தானாகத் திறக்கும். உத்தரவில் இல்லாதது ஓரத்தில், பெயரில்லாத பெட்டியாக நிற்கும். அதைத் திறக்க யாருக்கு நேரம்? பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே இடம், அதே அளவு, மாற்றமில்லை என்று எழுதியாகிவிட்டது. குழாய் எப்படிச் சுருங்கும்?

டாக்டரம்மா அதைப் படித்து, "ஒண்ணு மருந்துக்குக் கேக்குது, இன்னொண்ணு கேக்கல. மருந்த மாத்தி இன்னும் வீரியமா குடுக்கலாம்" என்றார். அடுத்த திங்கள் ஆரம்பம்.

மூச்சக்கா முதலில் அந்த மையத்துக்குப் போன் செய்தாள். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அறிக்கைல ஒரு தப்பு இருக்குங்க. படிச்ச டாக்டர்கிட்ட பேசணும்."

"நீங்க யாரு மேடம்?"

"ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன்."

"டெக்னீஷியன் கிட்டருந்து நாங்க எடுக்க முடியாது மேடம். வைத்தியம் பண்ற டாக்டர் மறுபார்வைப் படிவம் அனுப்பணும்."

டாக்டரம்மாவின் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். அவர் கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார், கேட்டார். "நீங்க சொல்றது இருக்கலாம். ஆனா நான் படம் படிக்கறவ இல்ல. எனக்கு அறிக்கைதான் ஆதாரம். அவங்க மாத்தி எழுதினா நானும் மாத்திக்கறேன்."

"அவங்க நீங்க படிவம் அனுப்பணும்ங்கறாங்க."

"எதுக்குன்னு காரணம் எழுதணுமே. டெக்னீஷியன் சொன்னாங்கன்னு எழுத முடியுமா? அதுவும் நோயாளியோட தங்கச்சி. நீங்களே சொல்லுங்க."

கடைசியாகத் துறைப் பொறுப்பாளரிடம் போனாள். அவர் படத்தைத் திறந்து பார்க்குமுன் நேரத்தைப் பார்த்தார். "இந்த மூணாவது நிமிஷப் படம் யார் உத்தரவு?"

"சார், மொதல்ல அந்தக் குழாயப் பாருங்க."

"குழாய் எங்கயும் ஓடிப்போகாது. உத்தரவு யாருது?"

கிணற்றுக்குள் விழுந்தவன் கயிறு கேட்டால், எந்தக் கயிறு, எத்தனை முழம், யார் சிபாரிசு என்று மேலே நின்று கேட்பதுபோல இருந்தது அவளுக்கு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விதியை மீறவில்லை. அவரவர் எல்லைக்குள் அவரவர் சரியாக இருந்தார்கள். எல்லோரும் சரியாக இருந்த இடத்தில்தான் அண்ணன் படுத்திருந்தார்.

அன்று மாலை கீழ்வீட்டில் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டுவிட்டாள். "ரெண்டு நாளா மூஞ்சி சரியில்ல உனக்கு. ஊருக்கெல்லாம் டாக்டர் சொல்வார்னு சொல்லு. எங்களுக்கு நீ சொல்லு."

சொன்னாள். இருபது வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். நெறிக்கட்டி இல்லை. இன்னொரு ரத்தக்குழாய். பிறவியிலேயே இருப்பது. நோய் பரவவே இல்லை.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் கும்பிடவில்லை. மேசைமேல் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மொதல் படத்துலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நேத்து எடுத்துப் பாத்தேன்."

"நேத்துதான் பாத்தியா?"

அவள் டீ டம்ளரை மேசையில் வைத்தாள்.

"ஊர்ல இருக்கறவன் வயித்தையெல்லாம் பாக்கற. கூடப் பொறந்தவன் வயித்தப் பாக்க நாலு மாசமா?"

"எனக்குப் பயமா இருந்துச்சுண்ணா."

"எனக்கும்தான் இருந்துச்சு. நான் படுக்கல?"

அண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து மாடிக்கு வரும் சாப்பாட்டுப் பாத்திரம் வரவில்லை. மூச்சக்கா ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். கோபப்பட அவளுக்கு இடமில்லை. அதுதான் அவளை அதிகம் கோபப்படுத்தியது.

புதன்கிழமை தோறும் எல்லா டாக்டர்களும் ஒரு அறையில் கூடி, புற்றுநோயாளிகள் ஒவ்வொருவரையும் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் பேசப் பேச, உரிய படத்தைச் சுவரில் உள்ள பெரிய திரையில் போட ஒரு டெக்னீஷியன் வேண்டும். மாதத்தில் ஒரு புதன் மூச்சக்காவின் முறை. அந்த வாரம் அவள் முறை இல்லை. இடுப்புவலி தீர்ந்து வந்திருந்தவரிடம், "இன்னிக்கு நான் போறேன், நீ மிச்ச இடுப்பையும் சரிபண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டியலில் பதினோரு பேர். அண்ணன் பெயர் இல்லை. அறுவைசிகிச்சை இல்லை என்று தீர்மானமானவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பதினோராவது ஆள் முடிந்து நாற்காலிகள் நகரத் தொடங்கியதும், அவள் பன்னிரண்டாவதாக ஒரு படத்தைத் திரையில் போட்டாள்.

ரோபோ வைத்து அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர் எழுந்தவர் அப்படியே நின்றார். ஒல்லியான மனிதர், சிடுசிடுப்புக்குப் பேர்போனவர். வார்டில் அவரை ரோபோ டாக்டர் என்பார்கள். எந்திரத்தால் மட்டும் வந்த பெயர் அல்ல.

"இது யாரு? பட்டியல்ல இல்லயே."

"இல்ல சார்."

"அப்ப ஏன் போட்டீங்க?" கேட்டுக்கொண்டே கிட்டே வந்து, அவள் கையிலிருந்த சக்கரத்தை வாங்கி உருட்டினார். மேலே. கீழே. மறுபடி மேலே.

"ரெண்டு குழாய். அழகா தெரியுது. அறிக்கைல என்ன எழுதிருக்கு?"

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "நெறிக்கட்டின்னு."

"நெறிக்கட்டியா? இத நம்பி நான் உள்ள போய் அந்த நெறிக்கட்டிய வெட்டி எடுக்கப் பாத்திருந்தா, அந்தாளு அங்கயே போயிருப்பார்." சக்கரத்தை வைத்தார். "இந்த மூணாவது நிமிஷப் படம் யார் கேட்டது?"

பொறுப்பாளர் மூச்சக்காவைப் பார்த்தார்.

"யாரும் கேக்கல சார். நானா எடுத்தேன்."

ரோபோ டாக்டர் தலையசைத்தார். அவள் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்திருந்தாள் என்பதை மறைப்பதில் பயனில்லை. "எடுத்தது சரி. மூணு நாள் வச்சிட்டிருந்தது தப்பு. நேரா என்கிட்ட வந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு, படிவம் எங்கே என்று டாக்டரம்மாவிடம் கை நீட்டினார். அந்த இடத்திலேயே கையெழுத்தானது. மூன்று நாளாக மூன்று வாசலில் கிடைக்காத கையெழுத்துக்கு அரை நிமிடம் ஆயிற்று.

அதற்குப் பிறகும் எதுவும் வேகமாக நடக்கவில்லை. ஐந்து நாள் கதிர்வீச்சு, பிறகு சில வாரம் காத்திருப்பு. ரோபோ ஒரு முறை பழுது என்று நாளை மாற்றினார்கள். இன்னொரு முறை மயக்க மருந்து டாக்டர் விடுப்பு. ஒவ்வொரு முறையும் அண்ணன் வயிற்றைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தைக் குடித்துத் தீர்த்த பிறகுதான் போன் வந்தது.

அறுவைசிகிச்சைக்கு முந்தின நாள் ரோபோ டாக்டர் மூவரையும் உட்காரவைத்து ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

"கருவுல எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் இருக்கும். பொறக்கறதுக்குள்ள இடது பக்கம் மறஞ்சிரும். உங்களுக்கு மறையல."

"எங்க வீட்ல எதையும் தூக்கிப் போடற பழக்கம் இல்ல டாக்டர்," என்றார் அண்ணன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "குடலுக்கு வர்ற ரத்தக்குழாய அதோட வேர்ல கட்டி வெட்டணும். அந்த வேருக்குப் பக்கத்துலதான் இது படுத்திருக்கு. சுவர் மெல்லிசு. கீறினா நிமிஷத்துல ரத்தம் நெறஞ்சு எதுவும் தெரியாமப் போயிரும். அப்ப ரோபோவ விலக்கிட்டு வயித்தத் தெறந்துதான் ஆகணும்."

"ரோபோவுக்குத் தெரியாதா, இது மெல்லிசுன்னு?" என்று அண்ணி கேட்டாள்.

"ரோபோவுக்கு எதுவுமே தெரியாதும்மா. ஓரத்துல உக்காந்து நான் கைய அசைச்சா அது அசையும். இடுக்குல நல்லா நுழையும், நடுங்காது, பெருசாக்கிக் காட்டும். ஆனா எங்ககிட்ட இருக்கறதுக்குத் தொட்டா தெரியாது. கண்ணால பாத்துத்தான் எவ்வளவு அழுத்தறோம்னு கணக்கு."

அண்ணன் தன் விரல்களை விரித்துக் காட்டினார். "எனக்கும் அதே வியாதிதான் டாக்டர். தொட்டா தெரியாது, பாத்தாதான் தெரியும். நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போவோம்."

இதற்கு டாக்டர் கொஞ்சம் சிரித்தார். பிறகு, கேட்காமலேயே ஒன்று சொன்னார். "நாலு மாசம் முழுக்க வீண்னு சொல்ல மாட்டேன். கட்டி சுருங்கியிருக்கு. ஆனா இவ்வளவு மருந்து தேவப்பட்டிருக்காது." அப்போது மூச்சக்கா தாளில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, உள்ளே தள்ளிக்கொண்டு போகும் படுக்கையில் இருந்து அண்ணன் அவளைப் பக்கத்தில் வரச் சொன்னார். "நாலு மாசமா?" என்று கேட்ட அந்த மாலைக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த வசனத்தச் சொல்லு."

"எது?"

"உன் தொழில் வசனம்தான்."

"மூச்ச இழு," என்றாள். "புடி."

"மிச்சத்த வெளிய வந்து கேட்டுக்கறேன்," என்றார். கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் ஒரு பலகை. பெயருக்குப் பதில் எண், எண்ணுக்கு நேராக, "நடைபெறுகிறது." ஆறு மணி நேரம் அந்த ஒரு சொல்லே இருந்தது. அண்ணி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மணியில் எழுந்து போய், இரண்டு டீ வாங்கிவந்து, ஒன்றை மூச்சக்காவின் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். கொடுக்கவில்லை, வைத்தாள். மூச்சக்கா எடுத்துக் குடித்தாள்.

ரோபோ டாக்டர் வெளியே வந்தபோது நெற்றியில் எந்திரத்தின் விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு இருந்தது. "முடிஞ்சுது. வயித்தத் தெறக்கல. கட்டி முழுசா வந்துருச்சு. கொஞ்ச மாசத்துக்கு மலம் போக வயித்துல பை இருக்கும், அப்புறம் எடுத்துரலாம்."

"அந்தக் குழாய்?" என்றாள் மூச்சக்கா.

"அங்கயேதான் இருக்கு. நீலமா, மூச்சுக்கு மூச்சு ஏறி எறங்கிட்டு. ஒரு மணி நேரம் அதச் சுத்தியே நடந்தேன். தெரியாமப் போயிருந்தா..." முடிக்காமல் போய்விட்டார். போகிற போக்கில்கூட நன்றாகச் செய்தாய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

அண்ணன் வீடு திரும்பிய பிறகுதான் திருத்திய அறிக்கை வந்தது. முன்பு குறிப்பிட்ட நெறிக்கட்டிகள் தற்போது காணப்படவில்லை. இடப்புறம் கூடுதல் பெருஞ்சிரை உள்ளது. தவறு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. படிப்பவருக்கு நெறிக்கட்டி மறைந்துவிட்டது. அதே இடத்தில் ஒரு குழாய் முளைத்துவிட்டது.

அதே வாரம் மூச்சக்காவுக்கு ஒரு மெமோவும் வந்தது. மருத்துவர் உத்தரவின்றிக் கூடுதல் கதிர்வீச்சு செலுத்தியதற்கு ஏழு நாளில் விளக்கம் தரவும். அவள் அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றுப் பையின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார். விரல் மரத்தவருக்கு அந்தச் சின்ன மூடி பெரிய எதிரி. அவள் உதவ வந்தாள். கையைத் தட்டிவிட்டார்.

"அங்கயே நில்லு. பாரு. பாக்கறதுதானே உன் வேல."

நின்றாள். நான்காவது முயற்சியில் மூடி பொருந்தியது. மெமோவை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"என்ன எழுதப் போற?"

"கட்டி சுருங்கல, அதனால எடுத்தேன்னு எழுதலாம்னு இருக்கேன்."

"அது கட்டியே இல்லயே."

"அப்ப அது எனக்கு மட்டுந்தானே தெரியும். அறிக்கைல அது கட்டிதான்."

அண்ணன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள். "நாலு மாசத்துக்கு என்ன மன்னிச்சிட்டியாண்ணா?"

அவர் கட்டிலில் மெதுவாகச் சாய்ந்தார். மேசைமேல் பேருந்துச் சாவி இருந்தது. அதை எடுக்கவில்லை.

"இல்ல," என்றார். "அவசரப்படாத. இப்பத்தான் நேரம் கெடச்சிருக்கு. மெதுவா மன்னிக்கறேன்."

உள்ளேயிருந்து அண்ணி, மாடிக்குப் போகும் பாத்திரத்தைக் கழுவி வைத்திருப்பதாகவும், போகும்போது எடுத்துக்கொண்டு போகவும் சொன்னாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். முதல் நோயாளி ஒரு தையல்காரர். படம் எடுத்து இறங்கியதும் கேட்டார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"டாக்டர் சொல்வார்," என்றாள். அவர் கதவைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு சக்கரத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே, ஒவ்வொரு படமாக உருட்டத் தொடங்கினாள். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். "இருங்க," என்றாள்.